புரூப் பார்ப்பவன் வீட்டுப் பிள்ளை

பாடப்புத்தகத்தில் இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்காவிட்டால், நான் இன்னும் கொஞ்ச நாள் மார்பை நிமிர்த்திக்கொண்டு பாளையங்கோட்டைத் தெருக்களில் நடந்திருப்பேன். ஒட்டியதும் நான்தான். கிழிந்த தாளைச் சேர்க்கப் பசை கிடைக்காமல் சோற்றுப் பருக்கையை வைத்துத் தேய்த்தேன். அது கொடுத்த வேலையோடு நிற்காமல் அடுத்த தாளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

அன்று மாலை வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என் மகள், இரண்டாம் வகுப்பு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூனைப் பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். பூனை மெல்ல வந்ததாம், பாலைப் பார்த்ததாம், பானையை உருட்டியதாம். ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஆச்சரியப்பட வேண்டிய இடத்தில் புருவத்தைத் தூக்கி, அருமையான வாசிப்பு. பெருமையோடு எட்டிப் பார்த்தேன். அவள் விரித்து வைத்திருந்த பக்கத்தில் பூனையே இல்லை. அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. குடை பிடித்த இரண்டு பிள்ளைகளும் ஒரு தவளையும் நின்றார்கள். பூனை, ஒட்டிப்போன தாள்களுக்கு நடுவே மூச்சு முட்டிக் கிடந்தது. என் மகளின் விரல் வரிகளின் மேல் ஒழுங்காக நகர்ந்தது. கண் மட்டும் சுவரில் போன பல்லியின் மேல் இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். தவளையைக் கையால் மறைத்துக்கொண்டு அதன் கீழிருந்த சொல்லைக் காட்டினேன். "இது என்ன?"

என் முகத்தைப் பார்த்தாள். "பூனை?"

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"பானை?"

கையை எடுத்தேன். "தவளை!" என்றாள் சந்தோஷமாக. "முன்னமே கைய எடுத்திருக்கலாம்லா அப்பா."

ஏழு வயது ஆகப்போகும் பிள்ளைக்கு எழுத்துக் கூட்ட வரவில்லை என்றால் பூமி ஒன்றும் பிளந்துவிடாது. நிதானமான தகப்பனாக இருந்தால் சிரித்துவிட்டுக் காப்பி குடித்திருப்பான். என்னால் முடியவில்லை. அதற்குக் காரணம் முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் அடித்த பீற்றல்.

நான் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் இருபது வருஷமாக இருக்கிறேன். கல்யாணம், சடங்கு, புதுமனை, பதினாறாம் நாள் என்று மனிதனுக்கு நடக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் பத்திரிகை அடிக்கிற இடம். கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்வதும், அடித்ததில் பிழை தேடிப் புரூப் பார்ப்பதும் என் வேலை. யார் வீட்டுக் கல்யாணத்திலோ ஒரு புள்ளி விடுபட்டால் எனக்கு மூக்கு வியர்க்கும். அப்படிப்பட்டவன் பெற்ற பிள்ளை, டவுனில் என் மாமனார் வீட்டுக் கூடத்தில் நின்று பாடப்புத்தகத்தை முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டை வரை வாசித்துத் தள்ளினால் நான் சும்மா இருப்பேனா? "எங்க வம்சத்துக்கு ரத்தத்துலயே அச்சு மைதான் ஓடுது மாமா" என்று சொல்லிவிட்டேன். என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த பார்வையிலேயே வாயை மூடியிருக்க வேண்டும்.

மாமனார் கூட்டுறவு வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். முடிவெடுக்க அவருக்கு ஒரு நிமிஷம் போதும். யோசிப்பது அதற்குப் பிறகு. என் மச்சினனுக்கு மூன்று வாரத்தில் நிச்சயதார்த்தம். பெண் வீடு அம்பாசமுத்திரம். நிச்சயத்தின் முக்கியமான கட்டம், லக்னப் பத்திரிகை வாசிப்பது. இன்ன நாளில், இன்ன முகூர்த்தத்தில், இன்ன ஊரில், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் என்று எழுதியதைச் சபையில் ஒருவர் எழுந்து உரக்க வாசிக்க வேண்டும். வாசித்து முடித்துத் தட்டு மாற்றிவிட்டால் பேச்சு உறுதி. அந்த வீட்டில் எப்போதும் வாசிப்பவர் என் பெரிய மாமனார். அவருக்கு அப்போதுதான் கண்ணில் அறுவை நடந்து பச்சைத் துணி கட்டியிருந்தது.

"என் பேத்தி வாசிப்பா" என்றார் மாமனார்.

சொன்னதோடு விடவில்லை. அங்கேயே போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, அம்பாசமுத்திரத்துக்குப் பேசினார். "சம்பந்தி, பத்திரிகைய எங்க பேத்தி வாசிக்கா. ஆமா, பொடிப் பிள்ளதான். நீங்க வந்து கேளுங்க, பேப்பரத் தின்னுருவா!" அந்தப் பக்கத்தில் பெண்ணின் அப்பா ஆகா ஆகா என்றார். நான் கூச்சத்தோடு தலையைக் குனிந்து பெருமைப்பட்டேன்.

அடுத்த நாளே பூனை காணாமல் போனது.

முதலில் பள்ளிக்கூட வாசலுக்கு ஓடினேன். டீச்சருக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. "அவளுக்கு ஞாபகம் ஜாஸ்தி சார். ஒருக்கா காதுல விழுந்தாப் போதும், அப்படியே பிடிச்சுக்கிடுதா. அதான் எழுத்தப் பாக்க வேண்டிய தேவையே வரல. எழுத்து எல்லாம் தெரியும், சேக்கதுதான் வரல. தானா வரும், பதறாதிய."

"எத்தன நாள்ல வரும் டீச்சர்?"

"அது பிள்ளைக்குப் பிள்ளை மாறும்லா."

"மூணு வாரத்துல வந்துருமா?"

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் சார், பிள்ளைக்கு ரயிலுக்கு நேரமாச்சா?"

பதறாதே என்று சொன்ன பிறகு பதறாமலிருப்பது எங்கள் குடும்ப வழக்கத்திலேயே இல்லை. அன்று மாலையே பாளை மார்க்கெட்டில் வல்லாரைக் கீரை நாலு கட்டு வாங்கிவந்தேன். மூளைக்கு நல்லது என்று துவையல், மறுநாள் கடைசல், அதற்கு மறுநாள் தோசை மாவில் அரைத்துப் பச்சை தோசை. நாலாம் நாள் என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இது எதுக்குக் குடுக்கிய?"

"ஞாபக சக்திக்கு."

"அவளுக்கு இருக்க வியாதியே ஞாபக சக்திதான? இதத் தின்னு இன்னும் ரெண்டு புஸ்தகத்தப் பாக்காமலே சொல்லுவா. மறதிக்கு ஏதாவது கீரை இருந்தா வாங்கிட்டு வாங்க."

வல்லாரையைக் கைவிட்டேன். அச்சகத்திலிருந்து ஒட்டும் தாள்கள் கொண்டுவந்து வீட்டிலுள்ள சாமான்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினேன். கதவு, சன்னல், மிக்ஸி, பாய், அரிசி. பிள்ளை எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ் அவளைப் பார்த்து முழிக்க வேண்டும் என்பது திட்டம். உற்சாக மிகுதியில் 'அம்மா' என்று எழுதி மனைவியின் முதுகில் ஒட்டியதும் நான்தான். ஒட்டியதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவள் அப்படியே வாசலுக்குப் போய்த் தள்ளுவண்டிக்காரரிடம் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசியிருக்கிறாள். அவர் பவ்யமாக "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று கேட்ட விலைக்கே கொடுத்தனுப்பியதாகக் கேள்வி.

ஒரு வாரம் கழித்துச் சோதனை வைத்தேன். மகள் குதித்துக் குதித்து எல்லாவற்றையும் வாசித்தாள். ஒரு தப்பு இல்லை. சந்தேகம் வந்து, அவள் குளிக்கப் போனபோது தாள்களை இடம் மாற்றி ஒட்டினேன். திரும்பி வந்தவள் அரிசி டிரம்மைத் தொட்டு, அதன் மேலிருந்த 'சன்னல்' என்ற சொல்லைப் பார்த்து, "அரிசி" என்றாள். சன்னலில் ஒட்டியிருந்த 'மிக்ஸி'யைப் பார்த்து "சன்னல்" என்றாள். எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது. உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்த பாயில் 'கதவு' என்றிருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. தினமும் ஒரு மணி நேரம் அவளை எதிரே உட்கார வைத்தேன். "இது என்ன? இதோட இது சேந்தா என்ன? நேத்துச் சொன்னேனே, எங்க போச்சு?" என் குரல் எனக்கே பிடிக்காத உயரத்துக்குப் போனது. முன்பெல்லாம் என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி வருவாள். அச்சகத்தில் ஒரு பக்கம் அடித்து வீணான புரூப் தாள்களைப் பின்பக்கம் படம் வரைய நான் கொண்டுவருவது வழக்கம். அந்த வாரம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் உள்ளே ஓடினாள். புத்தகத்தைக் கையில் எடுத்தால், "அப்பா, வயிறு வலிக்கி" என்றாள். மூன்றாம் நாள் உண்மையிலேயே வாந்தி எடுத்தாள்.

மனைவி அவள் வாயைக் கழுவிவிட்டு வந்து என் எதிரே நின்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பித்திருப்பேன்.

"நீங்க பீத்துனதுக்கு அவ ஏன் வாந்தி எடுக்கணும்?"

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"அம்பது பேருக்கு முன்னால நிக்க வச்சு, அவ திணறி, நாலு பேரு சிரிச்சா என்ன ஆவும்? உங்களுக்கு ஒரு நாள் மானம் போவும். அவ பெறகு எந்தப் புஸ்தகத்தையும் கையால தொட மாட்டா. அதுதான் எனக்குப் பயம். எங்க அப்பாகிட்ட வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க."

நியாயமான பேச்சு. அடுத்த நாள் டவுனுக்குப் போனேன். மாமனார் என்னைக் கண்டதும், "வாங்க மாப்ள, இப்பம்தான் பட்டுப் பாவாடை எடுத்துட்டு வாரோம். வாசிக்கதுக்குன்னே" என்று விரித்துக் காட்டினார். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

பாலத்தில் ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வரும்போது அந்தக் குறுக்கு வழி தோன்றியது. ஆற்றில் கொஞ்சமாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைக்கு ஒருமுறை கேட்டால் மனப்பாடம். லக்னப் பத்திரிகையோ எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி. 'நிகழும் மங்களகரமான' என்று ஆரம்பித்தால் 'சுபயோக சுபதினத்தில்' வழியாகப் போய் 'பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு' என்று முடியும். இருபது வருஷமாக அடித்துவருகிறேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சொல்லிக் கொடுத்துவிட்டால் போதுமே! தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒப்பித்துவிட்டு இறங்கிவிடுவாள். யாருக்குத் தெரியப்போகிறது?

அன்றே நாள், முகூர்த்தம், பெயர்கள், கல்யாணம் நடக்கிற பாளையங்கோட்டை மண்டபம் எல்லாம் போட்டு வாயாலேயே சொன்னேன். இரண்டாம் நாள் தண்ணீராகச் சொன்னாள்.

"அப்பா, பேப்பரே பாக்காம சொன்னா, அது வாசிக்கதா?" என்று கேட்டாள்.

"பேப்பரக் கையில வச்சுக்கிடுவேல்லா. அது வாசிக்கதுதான்."

என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "களவுக்குக் கை பழக்குதிய" என்றாள்.

என்னவோ, தலையிலிருந்து பாரம் இறங்கிவிட்டது. பாடம் நடத்துவதை அடியோடு நிறுத்தினேன். நிறுத்தியதும் என் பழைய புத்தி திரும்பிவிட்டது. பொய் சொல்லாமல் என்னால் ஒரு நாள் இருக்க முடியாது. பள்ளியிலிருந்து ஸ்கூட்டரில் கூட்டி வரும்போது முன்னால் ஒரு டவுன் பஸ் நின்றது. "ஏட்டி, இந்த பஸ் எங்க போகுது தெரியுமா? நிலாவுக்குப் போகுது. பலகைல போட்டிருக்கு பாரு" என்றேன்.

ஸ்கூட்டரில் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். "நெசமாவா?"

"நான் என்னைக்குப் பொய் சொல்லிருக்கேன்?"

பலகையையே உற்றுப் பார்த்தாள். பஸ் கிளம்பப் போகும்போது, "பே... பேட்... இல்லப்பா! பேட்டை! பேட்டைன்னு போட்டிருக்கு!" என்று கத்தினாள்.

"நான் நிலான்னுதான் வாசிச்சேன்."

"பொய்யி! பொய்யி!" என்று ஹாண்டில்பாரில் குத்தினாள்.

அதிலிருந்து அதுதான் விளையாட்டு. மருந்துக்கடைப் பலகையை யானை ஆஸ்பத்திரி என்பேன். சைக்கிள் கடையில் முதலை வாடகைக்குக் கிடைக்கும் என்பேன். அவள் ஒவ்வொன்றையும் முறைத்துப் பார்த்து, உதட்டை அசைத்து, என் பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துச் சிரிப்பாள். வீட்டிலும் தொடர்ந்தது. வீணான புரூப் தாளை விரித்து, "திருவளர்ச்செல்வன் கத்திரிக்காய்க்கும் திருவளர்ச்செல்வி புடலங்காய்க்கும் காய்கறி மார்க்கெட்டில் திருமணம்" என்று நான் வாசிப்பேன். அவள் உருண்டு உருண்டு சிரிப்பாள். "போட்டிருக்கத வாசிங்கப்பா!" "இதான் போட்டிருக்கு. இல்லேன்னா நீ பாத்துச் சொல்லு." என் சிவப்புப் பேனாவை அவளிடம் கொடுத்துவிடுவேன். நான் பொய் சொன்ன இடத்திலெல்லாம் வட்டம் போடுவாள். வயிற்றுவலி வந்த தடமே இல்லாமல் போனது.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, பிள்ளை வாசிக்கிறாள் என்று தோன்றியிருக்க வேண்டுமே? தோன்றவில்லை. பதற்றக்காரனுக்குக் கெட்ட சாட்சி மட்டும்தான் கண்ணில் படும். பேட்டை பஸ்ஸை நிறம் பார்த்துச் சொல்லியிருப்பாள். மருந்துக்கடை வாசலில் பச்சைக் கூட்டல்குறி இருக்கிறது. ஒரு சுவரில் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைக் காட்டிப் பிறந்தநாள் என்று சொல்லிப் பார்த்தேன். "மாலை போட்டிருக்காங்க, செத்துப்போயிட்டாங்க" என்றாள். பார்த்தீர்களா, படத்தைத்தான் பார்க்கிறாள் என்று முடிவுகட்டி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் லக்னப் பத்திரிகையை இன்னொரு தரம் ஒப்பிக்க வைத்தேன்.

இதற்கிடையில் பத்திரிகையை அடிக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் கையால் எழுதினார்கள். இப்போது பட்டுப் போன்ற மஞ்சள் தாளில் அச்சடித்துச் சுருட்டி நூல் கட்டுகிறோம். எங்கள் தொழிலில் யாரும் புதிதாக மேட்டர் அடிப்பதில்லை. முந்தின பத்திரிகையைத் திறந்து, பெயரையும் நாளையும் மாற்றி, வேறு பெயரில் சேமித்துவிடுவோம். அப்படியே செய்தேன். மூன்று தரம் புரூப் பார்த்தேன். மாமனாரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியைத் தேடிக்கொண்டே, "நீங்க பாத்த பெறகு நான் என்ன பாக்க மாப்ள?" என்று கையெழுத்துப் போட்டார். அடித்து வந்ததும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டார்கள். சபையில்தான் பிரிக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம்.

நிச்சயத்தன்று வேனில் அம்பாசமுத்திரம் போனோம். வழியெல்லாம் வயல்கள் பச்சையாகக் கிடந்தன. எல்லோரும் பாட்டும் சிரிப்புமாக வந்தார்கள். நான் மட்டும் மகளின் காதுக்குள், "நிகழும் மங்களகரமான..." என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தேன். சேரன்மாதேவி தாண்டியதும் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "தெரியும்ப்பா."

பெண் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. தட்டுகளை வரிசையாக வைத்து முடித்ததும் மாமனார் எழுந்தார். மாம்பழப் பாவாடையில் நின்ற என் மகளைத் தூக்கி நாற்காலியில் ஏற்றிவிட்டார். புரோகிதர் நூலைப் பிரித்துத் தாளை அவள் கையில் கொடுத்தார். பக்கத்தில் இருந்த மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. அவள் பார்வை மகளின் மேலேயே இருந்தது.

ஆரம்பித்தாள். வருஷம், மாதம், நட்சத்திரம், யோகம் எல்லாம் மணி மணியாக வந்தன. பெண்ணின் அப்பா கையால் 'பலே' என்று காட்டினார். நானும் வாயை அசைத்துக்கொண்டே கூட ஓடினேன். பாதித் தூரம் வந்துவிட்டோம். இன்னும் ஐந்தாறு வரிதான்.

திடீரென்று நிறுத்திவிட்டாள்.

தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். விரலை ஒரு இடத்தில் வைத்தாள். நான் கூட்டத்துக்கு நடுவில் உதட்டைக் குவித்தும் விரித்தும், "பா... பாளை..." என்று சத்தமில்லாமல் எடுத்துக் கொடுத்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்குத் தெரிந்த சிரிப்புதான். யானை ஆஸ்பத்திரியைப் பிடித்த அன்று வந்த சிரிப்பு.

"ஸ்ரீ... வை... குண்... டம்," என்று வாசித்தாள். பிறகு ஒரு தரம் சேர்த்து, கூடத்துக்கே கேட்கும்படி, "ஸ்ரீவைகுண்டம்!"

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். "என்ன சம்பந்தி, ஸ்ரீவைகுண்டமா? மூணு தரம் உக்காந்து பேசிப் பாளையங்கோட்டைன்னுலா முடிச்சோம்? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாம..."

"சின்னப் பிள்ளல்லா, தடுமாறிட்டா," என்ற மாமனார் குனிந்து, "ஏட்டி, பாளையங்கோட்டைன்னு போட்டிருக்கும். நல்லாப் பாத்து வாசி," என்றார்.

"இல்ல தாத்தா. ஸ்ரீவைகுண்டம்னுதான் போட்டிருக்கு. நீங்களே பாருங்க."

மாமனார் கண்ணாடியை மாட்டினார். புரோகிதர் ஒரு பக்கமும் பெண்ணின் அப்பா ஒரு பக்கமும் எட்டிப் பார்த்தார்கள். மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்து ஒன்றாக நிமிர்ந்து என் பக்கம் திரும்பின.

எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. முந்தின வாரம் அடித்தது ஸ்ரீவைகுண்டத்துக்காரர் ஒருவரின் பத்திரிகை. அதைத் திறந்து பெயரை மாற்றினேன், நாளை மாற்றினேன், மண்டபத்தின் பெயரைக்கூட மாற்றினேன். ஊரை விட்டுவிட்டேன். மூன்று தரம் புரூப் பார்த்த பெரிய மனிதன், மூன்று தரமும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். பூனைப் பாடம்.

அவமானத்தில் தலை குனிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் என்னை எரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டிக்கொண்டு வந்தது.

"வாசிச்சுட்டா!" என்று கத்திவிட்டேன். "மாமா, பாத்தியளா, கூட்டி வாசிச்சுட்டா! அதுவும் ஸ்ரீ! ஸ்ரீயில ஆரம்பிச்சு வாசிச்சிருக்கா!"

"சம்பந்தியோட மருமகனுக்கு என்னமும் செய்யுதா?" என்று பெண்ணின் அப்பா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எனக்கும் கேட்டது.

என் மனைவி எழுந்து நின்றாள். "அவுக ஊரு பேர மாத்த மறந்துட்டாக. கல்யாணம் பாளையங்கோட்டையிலதான், அதுல ஒரு மாத்தமும் இல்ல. பிள்ள இல்லேன்னா ஸ்ரீவைகுண்டத்துக்குன்னு ஒப்புத்துக்கிட்டுல்லா எந்திரிச்சிருப்போம்," என்றாள். சொல்லிவிட்டு உட்காரும்போது என் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள். ஆனால் அவள் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

முதலில் சிரித்தவர் பெண்ணின் அப்பாதான். அவர் சிரித்ததும் கூடமே சிரித்தது. யாரும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிப்பு முழுவதும் எனக்கே வந்து சேர்ந்தது. நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

லக்னப் பத்திரிகையில் அடித்தல் திருத்தல் கூடாதே என்று யாரோ இழுத்தார்கள். புரோகிதர் அனுபவசாலி. கிண்ணத்து மஞ்சளைக் குழைத்து அந்த ஒரு சொல்லின் மேல் தாராளமாகத் தடவினார். "நாலு மூலைல இருக்கு, நடுவுலயும் இருந்துட்டுப் போட்டும். மங்களம்தான," என்று காய்ந்த பிறகு மேலே பாளையங்கோட்டை என்று எழுதிக் கொடுத்தார்.

பெண்ணின் அப்பா என் மகள் பக்கத்தில் வந்து நின்றார். "தாயி, இந்தப் பத்திரிகைய இப்பம் நான் நம்ப மாட்டேன். நீ முதல்லருந்து விரல வச்சுப் பைய வாசி. வேற எங்கனயாவது உங்கப்பா கைவரிசை இருக்கான்னு பாப்போம்."

வாசித்தாள். இந்தத் தடவை மணி மணியாக வரவில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தடவி, கூட்டி, தப்பிப் போய்த் திரும்பி வந்து வாசித்தாள். 'நிச்சயிக்கப்பட்டு' என்ற சொல்லில் மட்டும் மூன்று தரம் சறுக்கி ஏறினாள். கூடத்தில் ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை. பாயசம் ஆறிப்போனது. அவ்வளவு மெதுவான, அவ்வளவு அழகான வாசிப்பை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

திரும்பும்போது வேனில் என் மடியில் உட்கார்ந்திருந்தாள். "ஏட்டி, நான் பாளையங்கோட்டைன்னுதான சொல்லிக் குடுத்தேன்? பெறகு எப்படி மாத்தி வாசிச்ச?" என்று கேட்டேன்.

"நீங்கதான் எப்பவும் பொய்யாத்தான சொல்லுவிய," என்றாள். "இதுவும் அந்த விளையாட்டுன்னு நெனச்சேன். பேப்பர்ல இருக்கதத்தான் வாசிச்சேன்."

என் மனைவி முன் சீட்டிலிருந்து திரும்பவில்லை. அவள் தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது.

அடுத்த நாள் அச்சகத்தில் முதலாளி அண்ணாச்சி எனக்காகக் காத்திருந்தார். அம்பாசமுத்திரத்துச் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது.

"யாருவே அந்தப் புரூப்பப் பாத்தது?"

"நான்தான் அண்ணாச்சி."

"பாத்தீரா, ஒப்பிச்சீரா?"

"ஒப்பிச்சேன் அண்ணாச்சி."

"உம்ம மவளுக்கு லீவு எப்பம்? வரச் சொல்லும். உமக்குப் பதிலா அவளை வச்சுக்கிடுதேன்."

அவர் வேடிக்கைக்குத்தான் சொன்னார். ஆனால் மச்சினனின் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற முறை வந்தபோது, புரூப்பை வீட்டுக்கு எடுத்துப் போய் அவள் முன்னால் விரித்து, சிவப்புப் பேனாவையும் வைத்தேன். குப்புறப் படுத்து, விரலை ஓட்டி, உதட்டை அசைத்து நெடுநேரம் பார்த்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாம் சரியா இருக்கா?"

"ஒரு எடத்துல மட்டும் தப்பு," என்றாள் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. "மணமகன் கத்திரிக்காய்னு போட்டிருக்கு."

அப்படி இருக்காது என்று தெரியும். நூற்றுக்கு நூறு தெரியும். இருந்தாலும் எழுந்து போய், கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தாளை வாங்கி முதல் எழுத்திலிருந்து வாசித்தேன்.